நாகம் லீவு போட்ட செவ்வாக்கெழமை

ராம்கி, வயசு இருபத்திரெண்டு, சொந்த ஊரு மதுரை வில்லாபுரம், இப்ப இருக்கறது ஓசூர் கம்பெனி ரூம்ல. அன்னைக்கு வேலைக்குப் போகாம போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ஏன்னா விளாங்குடியில அவன் தங்கச்சி முதுகுல இருந்து பாம்பு எடுக்கப் போறாக.

ஆமா, பாம்பு.

தங்கச்சி பவதாரிணிக்குப் பதினாலு வயசு. கொஞ்ச நாளா ஒரு தோள் எறங்கி, யூனிபார்ம் ஒருபக்கமாத் தொங்குச்சு. அப்புறம் இடது கால் மரத்துப்போயி, செருப்பு கழண்டாக்கூடத் தெரியல. டாக்டரம்மா தட்டிப் பாத்துட்டு, "தண்டுவடத்தை ஏதோ அமுக்குது. உடனே ஸ்கேன் எடுங்க, தள்ளிப்போட்டா நடக்கவே முடியாமப் போயிரும்"னாக. அப்பா மலைச்சாமி அவசரமாக் கெளம்பிட்டாரு. ஸ்கேனுக்கு இல்ல, விளாங்குடியில உறிஞ்சி வைத்தியம் பாக்குற வீரணன் சாமிகிட்ட.

மத்த வைத்தியருக சின்னப்பிள்ளை வயித்துல சோறு சிக்கியிருக்குன்னு உறிஞ்சித் துப்பித் தொக்கம் எடுப்பாக. வீரணன் புரமோஷன் வாங்கி முதுகெலும்புக்குப் போயிட்டாரு. கூனு, வளைவு, கட்டி எல்லாத்துக்கும் ஒரே காரணம்: எலும்பைச் சுத்தி நாகம். உறிஞ்சுனா நாக முட்டை வரும். எல்லாருக்கும் ஒரே சைஸ். ரேஷன் கடையிலகூட இம்புட்டுச் சரியா அளக்க மாட்டாக. ஸ்கேன் மெஷினுக்குள்ள போனா நாகம் கோவிச்சுக்குமாம். கரெண்டு ஆகாது போல.

வீரணன் வீட்டுக்கு முன்னாடி கூட்டம் தெருவை அடைச்சு நின்னுச்சு. அம்மா தங்கப்பொண்ணு வீடியோ கால்ல காமிச்சுக்கிட்டே போச்சு.

"அம்மா, இன்னைக்கு மத்தியானம் ஸ்கேன் இருக்கும்மா. வெளிய வாங்க."

"சும்மா இர்ரா. போனைச் சாமி காலடியில வைக்கிறேன், நீயும் ஆசீர்வாதம் வாங்கிக்க."

வச்சுருச்சு, பூசைத் தட்டுல சாத்தி.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நாகம் வாரதைப் பாத்தா பார்வை போயிரும்"னாரு வீரணன். அம்புட்டுப் பேரும் மூடிட்டாக. போனுக்கு யாரும் சொல்லல. சாமி மடியில இருந்து வெள்ளையா ஒரு உருண்டையை எடுத்துக் கடவாயில ஒதுக்குனதை ராம்கி பாத்துட்டான்.

கத்துனா அம்மா போனைக் கட் பண்ணிரும். மெதுவாச் சொன்னான். "பவா, வாயக் கொப்பளிச்சுட்டு உறிஞ்சச் சொல்லு."

பவா திரும்பி உக்காந்துச்சு. "சாமி, வாயக் கொப்பளிங்க. எச்சி."

வீரணன் தலையை ஆட்டுனாரு.

"சாமி மௌன விரதம்மா"ன்னாரு மலைச்சாமி.

"இப்பத்தானப்பா கண்ணை மூடச் சொன்னாரு. கொப்பளிக்கத்தான சொல்றேன்."

வரிசையில அடுத்ததா மகனைக் கூட்டிக்கிட்டு நின்ன சுந்தரம்மாள் செம்பை நீட்டுச்சு. "நாகத்துக்கே பயப்படாத ஆளு, செம்புத் தண்ணிக்கா பயப்படுவீக?"

கூட்டம் கண்ணைத் தொறந்துருச்சு. யாருக்கும் பார்வை போகல. வீரணன் வேற வழியில்லாம கடவாயில இருந்த உருண்டையை முழுங்குனாரு. தொண்டையில சிக்கிக் கண்ணு பிதுங்கிருச்சு. மலைச்சாமிதான் முதுகுல தட்டி எறக்கிவிட்டாரு. அன்னைக்கு அந்த எடத்துல வைத்தியம் நடந்த ஒரே முதுகு அதுதான்.

அப்புறம் கொப்பளிச்சுட்டு உறிஞ்சுனாரு. எச்சி வந்துச்சு. மறுபடியும் உறிஞ்சுனாரு. மறுபடியும் எச்சி. நாகம் லீவு.

"எங்கய்யா முட்டை?"ன்னுச்சு சுந்தரம்மாள்.

"இன்னைக்கு நாள் சரியில்ல தாயி."

"முட்டை அவரு வயித்துல இருக்குக்கா. மிச்சம் மடியில இருக்கும் பாருங்க"ன்னான் போன்ல இருந்த ராம்கி.

சுந்தரம்மாள் மடியை இழுத்துச்சு. பரோட்டா மாவுல உருட்டுன உருண்டைங்க தரை பூராம் ஓடுச்சு.

மலைச்சாமி குனிஞ்சு, மக இடது காலுல செருப்பை மாட்டிவிட்டாரு. "ஆட்டோ பிடி"ன்னாரு.

ஸ்கேன்ல தெரிஞ்சது தண்டுவடத்துக்குள்ள நீர்க்கட்டி. பாம்பும் இல்ல, முட்டையும் இல்ல. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காக. காலுல உணர்ச்சி முழுசாத் திரும்புமான்னு டாக்டரம்மாவால சொல்ல முடியல. "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னாக.

படிக்கறவுகளுக்கு ஒண்ணு. வீட்டுல வளர்ற பிள்ளை இருந்தா, குனிய வச்சு முதுகை ஒருதரம் பாருங்க. வளைஞ்சிருந்தா, காலு மரத்துச்சுன்னா, டாக்டர்கிட்டக் காமிங்க. இல்ல, சாமிகிட்டத்தான் போவேன்னு நின்னீகன்னா, முதல்ல அவரு கையில ஒரு செம்புத் தண்ணியைக் குடுங்க.