எரிமலைத் தீவில் மாமியின் லீவு

வீட்டிலிருந்து வேலை செய்கிறவனை எங்கள் ஆட்கள் ஒருநாளும் வேலை செய்கிறவன் என்று ஒத்துக்கொள்வதில்லை. இத்தாலியின் பலெர்மோத் தமிழர்களுக்கு வேலை என்றால் விடிய எழும்பி, பஸ் பிடித்து, இன்னொருவர் வீட்டு மணியை அடிப்பது. பாத்திரம் கழுவலாம், கிழவியைக் குளிப்பாட்டலாம், மொண்டெல்லோக் கடற்கரையில் கதிரை அடுக்கலாம். ஆனால் வெளிக்கிட்டுப் போகவேண்டும். வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு இருந்து மடிக்கணினியைப் பார்க்கிறவன் சும்மா நிற்கிறவன்.

நான் பல வருடங்களாகச் சும்மா நிற்கிறேன். துணி துவைக்கும் மெஷின்களுக்குக் காப்புறுதி விற்கிற ஓர் இங்கிலாந்துக் கம்பனிக்கு, பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டின் மூலை அறையிலிருந்து பதில் எழுதுகிறேன். லீட்ஸில் யாருடையதோ மெஷின் ஒழுகினால் அவர் என்னைத் திட்டுவார். நான் “உங்கள் ஏமாற்றத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்” என்று எழுதுவேன். (ஒரு இழவும் விளங்காது. ஆனால் அப்படித்தான் எழுதச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.)

இடையிடையே ஊர்ச் சேவை. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் மொழிபெயர்ப்பது, அயலவருக்கு வரும் பார்சலைக் கையெழுத்து வைத்து எடுப்பது, குழாய் திருத்த வருகிறவனுக்குக் கதவு திறப்பது. “அவர் வீட்டிலைதானே நிக்கிறார், அவரைக் கேளுங்கோ” என்று என்னைத் தாரைவார்த்துக் கொடுப்பவள் வேறு யாருமில்லை, என் மனைவி சுகந்திதான். என்னுடையதும் ஒரு உத்தியோகம்தான் என்று இவர்களுக்கு ஒருநாளைக்குக் காட்டவேண்டும் என்ற கடுப்பு எனக்குள் நெடுநாளாக இருந்தது. அந்தக் கடுப்பில்தான் மாமியின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டேன்.

எங்கள் கம்பனிக்கென்று ஓர் உள் இணையப் பக்கம் இருக்கிறது. என்னைப்போல் அங்கங்கே சிதறிக் கிடப்பவர்கள் வார இறுதியில் தங்கள் ஊரில் எங்கே போகலாம் என்று அதில் எழுதுவார்கள். அதை நடத்துகிற மேலாளர் ஹெலனுக்கு நான் சிசிலியில் இருப்பது திடீரென்று தெரியவந்தது. “நீ எரிமலைத் தீவிலா வாழ்கிறாய்” என்று வீடியோவில் கண்களை விரித்தார். எரிமலைத் தீவில் வாழும் ரிமோட் ஊழியர்களுக்கான வார இறுதிப் பயணங்களைப் பற்றி நான் எழுதவேண்டுமாம்.

எட்னா எரிமலை எங்கள் தீவின் மறுகோடியில் இருக்கிறது. நான் அதைப் பார்த்தது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் மட்டும்தான். என் வார இறுதி என்பது சனிக்கிழமை பல்லரோவில் மீனும் முருங்கைக்காயும், ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தமிழ்ப் பள்ளி, பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டுச் சாமத்தியவீடு. இதை எழுதினால் ஹெலன் கண்ணைச் சுருக்கிவிடுவார். ஆகவே இணையத்தில் தேடி, பலெர்மோவிலிருந்து படகில் போகக்கூடிய உஸ்திக்கா என்ற சின்னத் தீவைப் பற்றி அளந்துவிட்டேன். கறுத்த எரிமலைப் பாறைகள், நீலக் கடல், “மடிக்கணினியை மூடுங்கள், பூமியின் மூச்சைக் கேளுங்கள்.” (அந்த எரிமலை செத்து எத்தனையோ காலம். மூச்சாவது பேச்சாவது.)

ஹெலனுக்குக் கட்டுரை பிடித்துவிட்டது. நீ குடும்பத்தோடு அங்கே நிற்கிற படங்களையும் அனுப்பு என்றார். மாட்டிக்கொண்டேன்.

சுகந்தியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். “அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவமே? அவ ஒரு இடமும் போனதில்லை.”

மாமி ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் தங்கி வேலை செய்தார். கட்டிலோடு இருக்கிற அந்த அம்மாவைத் தூக்கி, கழுவி, ஊட்டி, மணியடித்த நேரமெல்லாம் எழும்பிப் போகிற வேலை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் மாமிக்கு வீடு. அதனால் வேலை போனால் வீடும் போகும். கிழமையில் இரண்டு பகல் கிடைக்கும் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார், இருட்டமுன் திரும்பிவிடுவார். மாமா இறந்த பிறகு, எங்களோடு வந்து இருங்கோ என்று கூப்பிட்டபோதெல்லாம் மாமி வரமாட்டேன் என்றே சொன்னார். மருமகன் வீட்டுச் சோறு வேண்டாம், என் சோறு எனக்கு இருக்கு என்பார். அந்தப் பெருமையை நான் உள்ளூர மதித்தேன்.

சின்யோராவின் மகள் ஒரு வழக்கறிஞர். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் தான் தாயோடு நிற்பதாகச் சம்மதித்தார். திங்கள் விடியப்புறம் விமானத்தில் ரோமுக்குப் போய் ஒரு வழக்கில் நிற்கவேண்டும், ஆகவே மாமி ஞாயிறு திரும்பியே ஆகவேண்டும் என்பது பேச்சு.

“தம்பி, ஞாயிறு பின்னேரம் நான் அங்கை கட்டாயம் நிக்கவேணும்” என்றார் மாமி. “கடல் ஒண்டும் செய்யாதே?”

நான் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இஞ்சை பாருங்கோ மாமி. சனி வெயில், ஞாயிறு வெயில், திங்களும் வெயில்தான் போட்டிருக்கு.”

மாமி அந்த மஞ்சள் வட்டங்களைப் பார்த்தார். “நீங்கள் சொன்னாச் சரி” என்றார்.

சனிக்கிழமை மதியம் படகேறினோம். நான், சுகந்தி, மகள் ஆரபி, மாமி, மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்யும் சுகந்தியின் தம்பி ரூபன். படகில் உண்மையான ரிமோட் ஊழியர்கள் சிலர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு மெல்லிய முதுகுப் பை. எங்களிடம் ரைஸ் குக்கர், இறைச்சிக் கறிச் சட்டி, புட்டுப் பெட்டி, அதோடு வழியில் தேவைப்படும் என்று சுகந்தி எடுத்துவந்த தலையணை.

“அத்தான், நாங்கள் லீவுக்குப் போறமோ, வீடு மாறுறமோ?” என்று ரூபன் கேட்டான்.

தீவில் இறங்கியதுமே படம் எடுக்கத் தொடங்கினேன். கறுத்த பாறையில் மடிக்கணினியோடு நான் தொலைதூரம் பார்க்கிற படம். சுகந்தி என்னைப் பார்த்துத் தலையில் அடிக்கிற படம். பிறகு ஒரு யோசனை வந்தது. மாமிக்குச் சுகந்தியின் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மடியில் என் கணினியை வைத்து, தட்டெழுதுகிற மாதிரி இருக்கச் சொன்னேன். மாமிக்கு வெட்கம். விரல்களைச் சொதிக்குள் விடுகிற மாதிரி விசைகளின்மேல் வைத்தார். “அம்மம்மா பெல்லா, நல்ல வடிவு” என்று ஆரபி கைதட்டினாள். மாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஞாயிறு காலை மாமி நல்ல வெயிலேறும்வரை படுத்திருந்தார். சுகந்தி எழுப்பப் போனபோது நான்தான் மறித்தேன். மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைக்காமல் அவர் நித்திரை கொள்வதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இதைச் செய்தது நான் என்று ஒரு திமிரும் இருந்தது.

மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பியது. வானத்தில் ஒரு முகில் இல்லை, வெயில் கொளுத்தியது, என் போன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கடல் மட்டும் வெள்ளையாகக் கொதித்தது. துறைமுகத்தில் ரிக்கெற் யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இன்றைக்குப் படகு இல்லை என்றார். நாளைக்கும் பார்க்கத்தான் வேண்டும் என்றார்.

நான் அவருக்கும் போனை நீட்டினேன். அவர் போனில் இருந்த சூரியனைப் பார்த்தார். எட்டி வானத்தில் இருந்த சூரியனையும் பார்த்தார். “ஓம், வெயில்தான்” என்று இத்தாலிய மொழியில் மரியாதையாக ஒத்துக்கொண்டு யன்னலைச் சாத்தினார்.

மாமி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, இப்ப என்ன செய்யிறது?”

“பயப்பிடாதேங்கோ மாமி, நான் அவவோடை கதைக்கிறன்” என்றேன். கோபப்படுகிற ஆட்களைச் சமாளிப்பதுதானே என் உத்தியோகம். அதைக் குடும்பத்துக்கு முன்னால் காட்ட இதைவிடச் சந்தர்ப்பம் கிடைக்காது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. (விசர் பிடித்தவனுக்குத் தனக்கு விசர் என்று தெரியாது.)

வழக்கறிஞர் கத்தினார். கத்த அவருக்கு உரிமை இருந்தது. நான் என் வேலைக் குரலை எடுத்து, “உங்கள் ஏமாற்றத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன், சின்யோரா” என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். மறுபக்கத்தில் சத்தம் நின்றது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தத் துணிவில் ஒரு தீர்வும் சொன்னேன். “நீங்கள் ரோமுக்குப் போகத்தான் வேண்டுமா? அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தபடியே கணினியில் வழக்கைப் பேசலாமே. இப்போது எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.”

ரூபன் “அத்தான்” என்று என் சேட்டைப் பிடித்து இழுத்தான். பிந்திவிட்டது.

“போனை அவளிடம் கொடு” என்றார் வழக்கறிஞர்.

மாமி போனை வாங்கி, “சீ சின்யோரா, சீ சின்யோரா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தாலிய மொழியில் சீ என்றால் ஓம். அன்றைக்கு எனக்கு அது தமிழாகவே கேட்டது, அதுவும் எனக்குச் சொன்ன மாதிரி.

திங்களும் படகு ஓடவில்லை. நாங்கள் தங்கிய பென்சியோனேயில் வெந்நீர் வரவில்லை, வைஃபை மட்டும் திறமாக வேலை செய்தது. எனக்கு வேலை நேரம் வந்ததும் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். லீட்ஸில் ஒருவருடைய மெஷின் கதவு பூட்டுப்படவில்லை. மாமி எனக்கு எதிர்க் கதிரையில், வெளிக்கிட்டு, தலை இழுத்து, மடியில் பையோடு இருந்தார். நான் தட்டெழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதே என்று அதிசயமாகப் பார்த்தார்.

“அதை மூடுங்கோ” என்றாள் சுகந்தி.

“வேலையப்பா.”

“அம்மாவுக்கும் வேலை இருந்தது.”

இருந்தது என்றுதான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அந்த மனிதருக்கு, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதினேன்.

செவ்வாய் திரும்பிவந்தபோது மாமியின் சாமான்கள் அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலரிடம் இருந்தன. இரண்டு சூட்கேஸ், துவாயில் சுற்றிய முருகன் படம், மாமியின் சொந்தத் தேங்காய்த் துருவலை. தாயின் மனச் சாந்திக்காக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தார். அவரைத் திட்டினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவருக்கு விமானம் தவறியது, வழக்கும் தவறியது, அதன்மேல் என் புத்திமதியும் கிடைத்தது. மாமி மேலே போய்ச் சின்யோராவுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டார். காவலர் கைகளை விரித்தார். மாமி துருவலையைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அந்தக் கிழமையே என் கட்டுரை வெளியானது. நான் எடுத்த அத்தனை படங்களிலும் ஹெலன் தெரிவுசெய்தது மாமியின் படத்தை. கறுப்புக் கண்ணாடி, கணினி, கறுத்த பாறை, அந்தச் சிரிப்பு. கீழே, எந்த வயதிலும் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று ஒரு வரி. நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

மாமிக்கு என் மூலை அறையைக் கொடுத்தோம். இப்போது நான் குளியலறையில், எங்கள் துணி துவைக்கும் மெஷினின்மேல் கணினியை வைத்து வேலை செய்கிறேன். அது சுழலத் தொடங்கினால் என் ஆங்கிலம் நடுங்கும். (காப்புறுதி இல்லை. எங்கள் கம்பனி இத்தாலிக்குக் கொடுப்பதில்லை.) மாமிக்கு வேறு வேலை தேடினோம். அந்த வயதில் கிழவிகளைத் தூக்க ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை. மாமி சும்மா இருக்கவில்லை. விடிய எழும்பி இடியப்பம் அவிப்பார், ஆரபியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார், வீடு கூட்டுவார், என் சேட்டுகளை மினுக்குவார். வேண்டாம் மாமி என்று நான் சொல்வேன். சொல்லிவிட்டு மினுக்கிய சேட்டைப் போட்டுக்கொள்வேன்.

ஆரபியின் பிறந்தநாளுக்கு வீடு நிறையச் சனம். ரூபன் வழமைபோல் உஸ்திக்காக் கதையைத் தொடங்கினான். போனில் சூரியன், யன்னல் சாத்திய மனிதர், வழக்கறிஞருக்கு நான் சொன்ன புத்திமதி, எல்லாம் நடித்துக் காட்டினான். கடைசியில், “இப்ப அம்மாவும் அத்தான் மாதிரி ரிமோட். வீட்டிலையிருந்துதான் வேலை” என்று முடித்தான். சனம் குலுங்கிச் சிரித்தது. மாமி ரோல்ஸ் பொரித்த தாச்சியைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு முகம் எரிந்தது. எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, “மாமி, நீங்களும் இனிக் கிழமையிலை ரெண்டு நாள் லீவு எடுங்கோ” என்றேன். “சின்யோரா வீட்டிலை இருந்தமாதிரி. எங்கையாவது போட்டு வாங்கோ.”

“எங்கை போறது தம்பி?” என்றார் மாமி, கரண்டியால் எண்ணெயை வடித்தபடி. “லீவுக்கு நான் இஞ்சைதானே வாறனான்.”

அதற்குத்தான் சனம் கூடுதலாகச் சிரித்தது. இப்போது ரூபன் அந்தக் கதையை அந்த வரியோடுதான் முடிக்கிறான்.