ஆல்ப்ஸ் மலை முயல்

குரங்குக் குல்லாவும் கம்பளி ஸ்வெட்டருமாக, இரண்டு கைகளிலும் கொசுவலைக் கம்புகளை ஊன்றிக்கொண்டு இன்னாசிராஜ் வீட்டு நடுவில் நின்றிருந்தான். வெளியே எடமலைப்பட்டி புதூரில் மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்றாள் மனைவி லூர்துராணி.

"திங்கக்கிழமை மேனேஜர் ரூம்ல சறுக்கிக் காட்டணும் லூர்து. விழுந்தேன்னா ரெங்கராஜ் போயிடுவான்."

கம்பெனி புது மெஷின் பழக, இன்னாசிராஜ், கூட வேலை பார்க்கும் ரெங்கராஜ் இருவரில் ஒரே ஒரு ஆளை சுவிட்சர்லாந்துக்கு அனுப்புகிறது. போய் வருகிறவனுக்குத்தான் சூப்பர்வைசர் வேலை. மெஷினைப் பற்றி இன்னாசிராஜுக்குப் பயமில்லை. பயமெல்லாம் அங்கே கழிக்கப்போகும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். வருகிறவர்களை அந்த ஊர்க்காரர்கள் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் பெரிய பனிச்சறுக்கு ஊருக்கு அழைத்துப் போவார்களாம்.

மேனேஜர் ரத்தினவேல் போய் வந்தவர். அதற்குச் சாட்சியாக அவர் நாற்காலிக்கு மேலே பெரிய கறுப்பு வெள்ளைப் போட்டோ மாட்டியிருந்தது. ஒரே வெள்ளைச் சரிவு. நடுவில் கோட்டும் மப்ளருமாக, கம்பு ஊன்றிய மேனேஜர். இடது ஓரத்தில் மட்டும் கறுப்பாக இரண்டு நீளக் காதுகள்.

"அது என்ன சார்?" என்று இன்னாசிராஜ் கேட்டிருந்தான்.

"மலை முயல்யா. ஆல்ப்ஸ்ல அது ஆட்டுக்குட்டி சைஸ் இருக்கும். பக்கத்துல வந்து நின்னுச்சு, நான் அசையலையே! ஒரு தடவைகூட விழுந்ததில்லை. நீ அங்க போய் விழுந்து கம்பெனி மானத்தை வாங்கிடாதே. திங்கக்கிழமை இங்க கேரம் போர்டு பவுடர் கொட்டி வைக்கிறேன், சறுக்கிக் காட்டு."

அதனால்தான் லூர்துராணியின் முகப் பவுடர் டப்பா முழுவதும் இப்போது சிமெண்ட் தரையில் கிடந்தது. இன்னாசிராஜ் ஜெபம் சொல்லிவிட்டு வலது காலை நகர்த்தினான். இடது கால் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. கம்பு தண்ணீர்ப் பானையில் இறங்கியது.

"பானையும் போச்சு, பவுடரும் போச்சு!" என்று லூர்துராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

தரை வேண்டாம், முதலில் உடம்பைப் பழக்குவோம் என்று ஸ்வெட்டரைக் கழற்றாமலே இரண்டு நாள் இருந்தான். குளிர் பழகவில்லை, வேர்க்குருதான் கழுத்துவரை பூத்தது. சொறிந்தால் கையில் கம்பு நிற்கவில்லை.

"மணல்ல பழகிப் பார்த்தா என்ன?" என்றான் சனிக்கிழமை. "கொள்ளிடத்துல மேடு மேடா கிடக்கு. விழுந்தாலும் வலிக்காது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய கட்டிலிலிருந்து கழற்றிய இரண்டு பலகைகளோடு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள்.

"மீதிக் கட்டில் எங்க சார், பின்னாடி பஸ்ல வருதா?" என்றார் கண்டக்டர். "லக்கேஜ் டிக்கெட் வாங்குங்க."

கொள்ளிடத்தின் மணல்மேட்டு உச்சியில் பலகைகளைக் காலோடு கட்டிக்கொண்டு நின்றான். பலகை நகரவே இல்லை.

"கொஞ்சம் தள்ளி விடு லூர்து."

லூர்துராணி கொஞ்சமாகத் தள்ளவில்லை. போன பானையையும் பவுடரையும் நினைத்துக்கொண்டு தள்ளினாள்.

இன்னாசிராஜ் "மாதாவே!" என்று கத்திக்கொண்டு இறங்கினான். மேட்டின் அடியில் துணி மூட்டையோடு ஒரு கழுதை நின்றிருந்தது. அது விலகவில்லை. அவனுக்கும் விலகத் தெரியவில்லை. மூட்டை அவிழ்ந்து, வெளுத்த வேட்டிகளெல்லாம் மணலில் பரந்தன.

"கண்ணு தெரியலையா? காலையிலேர்ந்து துவைச்சதெல்லாம் மண்ணாப் போச்சே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள், கழுதைக்காரி செல்லக்கிளி.

லூர்துராணி அவளோடு சேர்ந்து துணிகளைப் பொறுக்கினாள். இன்னாசிராஜால் எழுந்திருக்க முடியவில்லை. கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

"போதும் லூர்து. நாளைக்குப் போய், ரெங்கராஜையே அனுப்புங்கன்னு சொல்லிடறேன்." அவன் குரல் உடைந்தது. "மேனேஜர் பிறவியே வேற. பக்கத்துல அத்தாம் பெரிய முயல் வந்து நிக்குது, மனுஷன் அசையாம நிக்கிறார். என்னால ஒரு கழுதையைத் தாண்ட முடியலையே!"

லூர்துராணி குல்லாவைக் கழற்றி அவனுக்கு விசிறினாள்.

அவன் கண் கலங்கியதைப் பார்த்துச் செல்லக்கிளியின் கோபம் இறங்கிவிட்டது.

"கழுதைக்கு அடி ஒண்ணும் படலையேம்மா?" என்றான் இன்னாசிராஜ்.

செல்லக்கிளி ஒரு வேட்டியை உதறினாள். "அதுக்கு இதெல்லாம் பழக்கந்தான் தம்பி. நாலு வருஷம் முன்னாடி உங்களை மாதிரியே ஒரு பெரிய மனுஷர் இந்த வெயில்ல கோட்டு, மப்ளர் எல்லாம் மாட்டிக்கிட்டு, போட்டோக்காரரோட வந்து இதே மேட்டுல கம்பை ஊனி நின்னாரு. போட்டோ ஓரத்துல உன் கழுதைக் காதும் விழுந்திருச்சு, உனக்கும் ஒரு படம் தரேன்னு சொல்லிட்டுப் போனவரு, இன்னைக்கு வரைக்கும் தரலை!"