சகலை வீட்டு இரண்டு ஓம்

எர்த் மீட்டரின் முள் ஆறில் நின்றது. எலெக்ட்ரீஷியன் விரலால் தட்டிப் பார்த்தார். ஆறுதான்.

"எவ்ளோ?" ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆறு ஓம்."

"அக்கா வீட்டு எர்த்து ரெண்டாம். மாமா சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த 'மாமா'வில் இருந்த குழைவு, அவரைக் கூப்பிடும் 'ஏங்க'வில் ஒருநாளும் இருந்ததில்லை.

வழிதவறிய மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது எர்த்; அந்த வழியில் இருக்கும் தடையின் அளவு ஓம். ஓம் எவ்வளவு குறைவோ, எர்த் அவ்வளவு உசத்தி. பதினெட்டு வருடமாக அவருக்கு இதுதான் பிழைப்பு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சகலையோ ஆபீசில் ஃபைல் புரட்டுகிறவர். பல்பு மாட்டவே ஸ்டூலைப் பிடிக்க ஆள் தேடுவார். அவருக்கு இரண்டு, இவருக்கு ஆறா? போய் அளந்து பார்த்துவிடலாம். ஆனால் அந்த வாசலில் மீட்டரோடு நிற்பதைவிட ஷாக் அடித்தே போய்விடலாம்.

அன்றே எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டினார். ஐந்துக்கு இறங்கியது. வீட்டு உப்பு முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டதால் மனைவி அக்காவிடம் உப்பு வாங்கப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு கிண்ணம் உப்போடும் ஒரு கூடைப் புகழோடும் திரும்பினாள்.

மறுநாள் இன்னொரு கம்பியை அடித்து இறக்கினார். அது தண்ணீர்க் குழாயைத் துளைத்தது.

"இனிமே குளிக்கறதும் அக்கா வீட்டுலயா?"

"ரெண்டே நாள் பொறுத்துக்கோ."

"அவசரம் இல்ல. அங்க வெந்நீர் வருது."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைக் கடைசிக்கு நடந்தார். சகலை வீட்டுச் சுவரை ஒட்டி, கழிவுநீர் தேங்கி எப்போதும் சதசதவென்று கிடக்கும் மூலை அது. அங்கே ஆள் உயரத்துக்குக் குழி தோண்டிக் கம்பிகளை இறக்கினார். அங்கிருந்து எண்பது அடி ஒயர் இழுத்து வந்தார். மிச்சத்தை வெட்ட மனமில்லாமல், மீட்டர் போர்டுக்குக் கீழே வளையம் வளையமாக அழகாகச் சுற்றித் தொங்கவிட்டார்.

முள் ஒன்றில் நின்றது.

"பரவால்லியே, ஏங்க!" என்றாள் மனைவி.

சுவருக்கு மேல் சகலையின் தலை தெரிந்தது. "என்ன சகலை, புதையலா?"

"ஒண்ணு, சகலை. ஒரே ஒரு ஓம்."

தலை மெல்ல இறங்கியது. வாடிப்போன அந்த முகத்தை மூன்று நாள் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்து ரசித்தார்.

நாலாம் நாள் மத்தியானம் தெருக் கம்பத்தில் இடி விழுந்தது. டிவி, ஃபிரிட்ஜ், மோட்டார், மூன்று மின்விசிறிகள் என்று அவர் வீட்டில் எல்லாம் கருகின. புகைக்கு நடுவே, கொல்லைக்கு அப்பால் சகலை வீட்டு டிவி கணீரென்று பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவரோடு வேலை பார்க்கும் இன்ஜினியர் வந்தார். சுருட்டித் தொங்கவிட்ட ஒயரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, முறுக்கா? மீட்டர் கொஞ்சூண்டு கரண்டை மெதுவா விட்டுப் பாக்கும், அதுக்கு இந்த ஒயர் வழிவிடும். இடி கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பாயுது. இவ்ளோ நீளத்தையும் இந்தச் சுருளையும் பார்த்தா, 'எனக்கு நேரமில்ல'ன்னு உன் டிவிக்குள்ள புகுந்துடும்."

"அப்ப குழி தப்பா சார்?"

இன்ஜினியர் மூலைக்குப் போய்க் குனிந்தார். "குழி தங்கம்யா. அவ்ளோ கரண்ட் இறங்கினா மண்ணுக்குள்ளயே பொறி பறந்து, மண்ணு இன்னும் தாராளமா வழிவிடும். இதே குழியை வீட்டை ஒட்டித் தோண்டி நாலடியில நேரா ஒயர் விட்டிருந்தா ஒரு பல்புகூடப் போயிருக்காது." செருப்பு நுனியால் சேற்றைக் கிளறினார். கம்பியில் இன்னொரு ஒயர் கோணல்மாணலாக முறுக்கிக் கட்டியிருந்தது. நாலடியில் அது சுவருக்குள் நுழைந்து மறைந்தது. "இது யாரோடது?"

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் அக்கா சிரித்தாள்.

"எங்களோடதுதான் தம்பி. எங்க வீட்டுக்கு ஏது எர்த்து? ரெண்டுன்னு சும்மா சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்காம அவரே ஏறிக் குதிச்சு உங்க குழியில கட்டிட்டு வந்தாரு!"