சட்டத்துக்கு மூத்தவர்

ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மனிதர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அவர்களுக்குள் ஒரு தனி இனம் இருக்கிறது. சட்டத்துக்கு மூத்தவர்கள். சட்டம் வந்த அன்று இவர்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். வேறு தகுதி எதுவும் கிடையாது. அது போதும் அவர்களுக்கு.

இந்த இனத்தின்மேல் லைல் பிராண்ட்வோல்டுக்குப் பதினோரு வருஷமாக வயிற்றெரிச்சல். லைல் தச்சர். வயது ஐம்பத்து மூன்று, இடது முட்டி மடங்காது. அப்படிப்பட்டவர் தன் வீட்டு வாசலை எட்டுவதற்குத் தினமும் பதினேழு படி ஏறவேண்டும். ஏனென்றால் வீடு தூண்கள்மேல் நிற்கிறது. மளிகைப் பையோடு பதினேழு, விறகோடு பதினேழு, பனிக்காலத்தில் கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பதினேழு. ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கீழே, தரையோடு தரையாக, டெல்மர் சாபெலின் தூண்டில் கடை. கடைக்குப் பின்னறையில்தான் டெல்மர் குடியிருப்பு. எழுபத்தொன்பது வயதில் ஒரு படிகூட ஏறாமல் தன் கட்டிலுக்குப் போகிற மனிதர்.

விதி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெள்ளம் ஏறும் தாழ்வில் இனிமேல் கட்டுகிறவர் தூண்மேல்தான் கட்டவேண்டும். முன்பே நின்ற கட்டடம் நின்றபடி நிற்கலாம். ஆனால் அதைப் பெரிதாக்கக் கூடாது. பாதிக்கு மேல் ஒரே மூச்சில் பிரித்துக் கட்டக் கூடாது. கடை என்றால் பன்னிரண்டு மாதம் சேர்ந்தாற்போல் மூடிக் கிடக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் பழைய சலுகை போயிற்று. தூக்கிக் கட்டு, இல்லாவிட்டால் இடித்துவிட்டுப் போ.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆறு இரண்டு பேர் வீட்டுக்குள்ளும் புகுந்து இடுப்பளவு நின்றது. லைல் என்ன செய்தார்? தொழில் தெரிந்தவர் இல்லையா, ஊறிப்போன நாலு சுவரையும் ஒரே வாரத்தில் பிரித்து அடுக்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க டெல்மர் தன் கடை வாசலில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எட்டாம் நாள் ஊர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, பாதிக்கு மேல் போய்விட்டது, இனி இது புது வீடு, தூக்கு மேலே என்றார். டெல்மரோ தன் சுவர்களை வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டினார். நாலு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் பழைய பலகை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் காகிதத்தில் அது அவர் அப்பா கட்டியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று லைல் ஒருமுறை கேட்டே விட்டார்.

"நீ கேக்கலையேப்பா."

இவ்வளவுதான். இந்த இனம் இப்படித்தான் பேசும். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் ஆறு தனக்குத் தெரிந்த ஆறு என்பார்கள், என்னவோ ஆறும் இவர்களைத் தெரிந்துவைத்திருப்பது மாதிரி. வெளியேறச் சொல்லிப் படகில் வருகிற தீயணைப்புக்காரர்களிடம் காபி குடிக்கிறீர்களா என்பார்கள். புதிதாகக் குடிவந்தவன் ஒரு நாய்க்கூண்டு வைத்தால் மட்டும் இவர்களிடமிருந்துதான் முதல் போன் அலுவலகத்துக்குப் போகும். விதி என்றால் விதிதானே?

டெல்மரின் கடைக்கு வாடிக்கை செத்து வெகுநாள். மீன் பிடிக்கிறவர்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்திலேயே புழு வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே வருஷத்தில் ஒருநாள், மார்ச் மாதம், டெல்மர் விளக்கைப் போட்டுக் கடையைத் திறப்பார். மைத்துனனை வரவழைத்து ஒரு டப்பா மண்புழு விற்பார். மைத்துனன் ஒரு கையில் புழுவும் மறு கையில் அன்றைய செய்தித்தாளுமாக, கடத்திக்கொண்டு போகப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்க, படம் எடுக்கப்படும். படம் அலுவலகத்துக்குப் போகும். கடை இன்னும் ஒரு வருஷம் உயிரோடு இருக்கும்.

இந்த வருஷம் மைத்துனன் செத்துப்போனான். டெல்மர் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பன்னிரண்டு மாதம் வியாழக்கிழமையோடு முடிகிறது. புதன்கிழமை லைலுக்குப் போன் வந்தது.

"நாளைக்குக் கடையைத் திறக்கணும் லைல். யாருக்காவது ஏதாவது வித்துடு. இல்லேன்னா நான் திரும்பி வர எடம் இல்ல."

லைல் ஜன்னல் வழியாகக் கீழே இருட்டிக் கிடந்த கடையைப் பார்த்தார்.

"இந்தத் தடவை கேட்டுட்டேன்ல?" என்றார் டெல்மர்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வியாழக்கிழமை கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டால் போதும். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் பதில். லைல் மத்தியானம் வரை அப்படித்தான் படுத்துக்கிடந்தார். பிறகு பதினேழு படியையும் திட்டிக்கொண்டே இறங்கினார்.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதந்தது. தண்ணீர் கடை வாசலுக்குப் பத்தடியில். குளிர்பெட்டியைத் திறந்தார்; போன வருஷத்துப் புழுக்கள் மண்ணாகியிருந்தன. நாலு மணி வரை ஈ, காக்கைகூட வரவில்லை. நாலரைக்கு ஒரு வண்டி வந்தது. இறங்கியவர் மார்லிஸ், ஊர் அலுவலகத்தின் வெள்ளப் பகுதி ஆய்வாளர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் படிவம் செருகிய அட்டை. கடை மூடிக் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். விளக்கு எரிவதைப் பார்த்து நின்றார்.

"விற்பனை ஆச்சா?"

"நீங்க ஏதாவது வாங்கினா ஆகும் மேடம்."

"என்கிட்டயேவா?"

"வாங்குறவங்க யாரா இருக்கணும்னு விதியில இருக்கா?"

மார்லிஸ் யோசித்தார். விதியை மனப்பாடமாக அறிந்தவர். அதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பொட்டலம் தூண்டில் முள் வாங்கினார். லைல் செய்தித்தாளைக் கொடுத்துப் படம் எடுத்தார். அந்தம்மா லேசாகச் சிரித்தது போலக்கூட இருந்தது. பிறகு, வந்ததுதான் வந்தேன் என்று கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே ஆற்றைப் பார்த்து ஒரு மரத் தாழ்வாரம். போன கோடையில் டெல்மர் திருட்டுத்தனமாகப் போட்டது. பழசாகத் தெரியட்டும் என்று பலகைகளை முந்தைய மழைக்காலம் முழுக்க நனையவிட்டு ஆணி அறைந்தது. அறைந்த விதத்திலேயே அது கிழவரின் கை என்று தச்சருக்குத் தெரியும்.

"இது எப்ப கட்டினது?"

லைல் வாயைத் திறந்தார். போன கோடையில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அது ரொம்ப நாளா இருக்குங்க மேடம். சட்டத்துக்கு முன்னாடியே."

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக வருகிறது? நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் நான் எப்போதும் இங்கேதான் உட்காருவேன் என்று எந்த நாற்காலியைச் சொல்கிறீர்கள், யார் வீட்டு வாசலில் வழக்கமாக வண்டியை நிறுத்துகிறீர்கள், ஏன் என்று கேட்டவனை எத்தனை நாள் முறைத்தீர்கள் என்று மட்டும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் லைல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். டெல்மர் நன்றி சொல்லவில்லை. அந்த இனத்துக்கு அந்த வழக்கம் இல்லை. பதிலுக்கு இன்னொன்று கேட்டுக்கொண்டார்:

"நான் வர்ற வரைக்கும் தெனம் ஒரு மணி நேரம் கடை ஜன்னல்ல தலை தெரியற மாதிரி அங்க உக்காரு லைல். யாராச்சும் கேட்டா, எப்பவும் இங்கதான் இருக்கேன்னு சொல்லு."