வேண்டாம் என்று சொன்ன மாமாவுக்கு

கோர்க். மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 7.10. பிரஸ்ஸல்ஸ் அலுவலகம் வாய் திறக்காமல் இருந்த நாட்கள்: 417.

அன்பும் மதிப்பும் மிக்க மலக்கி மாமாவுக்கு, தங்கை மகன் ஃபியக்ரா எழுதுவது. நான் சுகம். நீங்களும் அட்ராக்டா அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

பால் கறக்கும் இயந்திரம் செய்கிற அந்தக் கம்பெனி, மென்பொருளைப் பூட்டி, சாவியைத் தன் ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிறது. லீட்ரிம் முழுக்கப் பழுதுபார்க்கிற உங்களுக்குக் கிடையாது. இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் பட்டறையை மூட வேண்டியதுதான். அதனால்தான் பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். பதிலே இல்லை. சட்டப்படி முதலில் "முடிவு சொல்லுங்கள்" என்று நோட்டீஸ், பிறகு இரண்டு மாதம், அப்போதும் ஊமையாக இருந்தால்தான் லக்ஸம்பர்க் நீதிமன்றம். நோட்டீஸ் கொடுத்தாச்சு, நாளையோட கெடு முடியுது, திங்கட்கிழமை வழக்கு, வக்கீல் தயார், நேத்துப் பாத்து அந்த பிரஸ்ஸல்ஸ் அதிகாரி லெஹ்தினன் அம்மா, பின்லாந்துக்காரங்க, உங்களுக்கே போன் போட்டு, "இந்தப் புகாரை மேல கொண்டு போகணுமா?"ன்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொன்னீங்க? "அடடா, வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்." நாமளே புகாரை வாபஸ் வாங்கினதா எடுத்துக்கிட்டாங்கன்னா வழக்கே போட முடியாது.

மாமா, நம்ம ஊர்ல ஒரு டீக்கே மூணாவது தடவை கேட்டாத்தான் சரின்னு சொல்லுவோம். பின்லாந்துல ஒரு தடவைதான் கேப்பாங்க. "மறுபடி கேப்பாங்கன்னு இருந்தேன்டா, நன்றி சொல்லி வெச்சுட்டாங்க"ங்கிறீங்க. பின்னாலேர்ந்து அத்தை, "கல்யாணத்துக்கே எங்கப்பா மூணு தடவை கேட்டாரு, இவருக்கு இது புதுசா"ங்கிறாங்க. உங்களைத் திட்டி நாலு வரி எழுதினேன், மனசு வராம அடிச்சுட்டேன்.

உங்கள் கைகளுக்கும் அத்தையின் அடுப்புக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

ஃபியக்ரா

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது மின்னஞ்சல் வந்தது. உங்கள் "வேண்டாம்" கேட்ட லெஹ்தினன் அம்மா, "புகார் நிராகரிக்கப்படுகிறது" என்று கையெழுத்துப் போட்டே அனுப்பிவிட்டார். வக்கீல் துள்ளுகிறார். எழுத்தில் ஒரு முடிவு இருந்தால் அதையே ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாமாம். 417 நாள் நான் கத்தியும் கிடைக்காததை நீங்கள் ஒரே போனில் வாங்கிவிட்டீர்கள். மேலே உள்ளதைப் படிக்காதீர்கள். இனி நான் செய்யப்போவது:

1. வழக்கை மாற்றி எழுதுவேன்: சும்மா இருந்ததற்கு அல்ல, தப்பாக முடிவெடுத்ததற்கு.
2. பட்டறை போனை என் எண்ணுக்குத் திருப்பிவிடுவேன்.
3. விசாரணைக்கு உங்களையும் லக்ஸம்பர்க் கூட்டிப்போவேன். வருகிறீர்களா என்று கேட்கமாட்டேன்.