நாலு துளையில் போன மரியாதை

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று எழுதவிடாமல் உங்கள் ஸ்கேன் முடிவு வந்து நிற்கிறது. எனக்கு வந்த அதே புற்றுநோய், அதே இடம்: சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் குழாய். "வயித்தைக் கிழிக்காம துளை போட்டே எடுக்கறாங்களாமே, நம்பலாமா?" என்று போனில் கேட்டீர்கள். நம்பவே நம்பாதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

ஒரு சிறுநீரகத்தையும் குழாயையும் முழுசாக எடுத்தார்கள். வெளியே தெரிவது நாலு துளை, அடிவயிற்றில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். மறுநாளே நர்ஸ் வந்து, "எழுந்து நடங்க சார், படுத்தே கிடந்தா எப்படி?" என்று விரட்டினாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்தவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பார்க்க வந்த உங்கள் சித்தி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? கொசு கடிச்சாக்கூட இதைவிடப் பெரிசா வீங்குமே!" என்று கொண்டுவந்த ஆப்பிளில் பாதியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மானம் போகிறதே என்று உங்கள் தங்கை என் மார்பிலிருந்து இடுப்புவரை கட்டுத்துணியைச் சுற்றிவிட்டாள். அதற்கப்புறம்தான் வந்தவர்கள் ஒழுங்காக அழுதார்கள். எங்கள் மேனேஜர் வந்த அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். காபி போட நானே எழுந்தேன், கட்டு அவிழ்ந்து சமையலறைவரை என் பின்னாலேயே வந்தது. "நல்லாத்தானே இருக்கீங்க, திங்கட்கிழமை வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார் அந்த மனுஷர்.

ஆகவே மச்சான், ஒரு சாண் தழும்பாவது இல்லாமல் சொந்தக்காரர்கள் முன்னால் உட்கார முடியாது. கிழிக்கிற டாக்டராகப் பார்த்துத் தேடுங்கள். இல்லையென்றால், "வலிக்கல, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறீர்களே, அப்படியே இருங்கள். சிறுநீர் ரத்தமாகப் போனால் போகட்டும், கௌரவம் முக்கியம்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கௌரவம் இழந்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். துளை போடுகிற அதே டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு உங்களுக்கு இடம் சொல்லிவிட்டேன். உங்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இன்னும் வெளியே பரவல. தள்ளிப்போட்டா துளையும் உதவாது, கிழிக்கறதும் உதவாது" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். உங்கள் தங்கை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை நானே கார் பிடித்துக்கொண்டு வருகிறேன். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வரமாட்டேன் என்று நீங்கள் உட்கார்ந்தால், தூக்குவேன்.