மைக் அக்காவின் ரகசிய நேர்காணல்கள்

மலேசியாவின் ஈப்போ நகரத்திலேயே ரகசியம் பேசத் தகுதியில்லாத ஒரே ஆள் மைக் அக்காதான். அவர் புந்தோங்கில் தும்மினால் அடுத்த ஊரான செமோரில் யாராவது "நூறு" என்பார்கள். அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ஆய்வுக் குழு, எச்.ஐ.வி. தடுப்பு பற்றி லாரி ஓட்டுநர்களிடம் அந்தரங்கக் கேள்விகள் கேட்க வேலைக்கு எடுத்தது. பதில்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

முதல் நேர்காணல், ஒரு ரொட்டிக் கடையின் மூலை மேசையில்.

"ஆணுறைன்னா என்னா அக்கா?" என்று ஓட்டுநர் மெல்லக் கேட்டார்.

"கொண்டம் லா அண்ணே! போடுவீங்களா, மாட்டீங்களா?"

ரொட்டி வீசிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. ஓட்டுநர் குடித்துக்கொண்டிருந்த தே தாரேக் டீயை மட்டுமல்ல, லாரியையும் விட்டுவிட்டு ஓடினார்.

எங்கள் குழுத் தலைவரான டாக்டர் தலையில் கைவைத்தார். "மெதுவாத்தானே டாக்டர் கேட்டேன்!" என்றார் அக்கா. மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து நேர்காணல் அக்காவின் பழைய காருக்குள் நடந்தது. கண்ணாடிகள் மூடியிருக்கும், ஏர்கோன் வேலை செய்யாது. உள்ளே போனவர்கள் சட்டை நனைந்து வெளியே வந்தார்கள். "கேள்வி அவ்ளோ கஷ்டமாம் மச்சான்!" என்று செய்தி பரவி, அப்படி என்னதான் கேட்கிறார் என்று பார்க்கவே கூட்டம் சேர்ந்தது.

ஆனால் நேர்காணலுக்குப் பிறகு செய்யவேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு ஒருவரும் வரவில்லை. அக்காவே நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினார். "எனக்கும் பயமா இருக்கு லா. அதுக்காகத் தெரிஞ்சுக்காமலே இருக்கிறதா?" ஊசி குத்தியதும் அவர் போட்ட சத்தத்தில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

ஒருவருக்குத் தொற்று இருந்தது. என்னிடம் வந்தது பெயரில்லாத எண் மட்டுமே. கேட்கக் கூடாதுதான்; யாரென்று அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அப்போதிருந்து மாதம் ஒரு நாள் காலையில், முட்டிவலி என்று விடுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், மடியில் மகளோடு ஓர் ஓட்டுநர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஆளு நான்தான் அண்ணே. மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு அக்காதான் கூடவே வந்தாங்க. மருந்து விடாம சாப்பிடுறேன். பொண்டாட்டிக்கும் புள்ளைக்கும் ஒண்ணுமில்ல. அக்கா செஞ்சத எழுதணும்னா எழுதுங்க, என் பேரு மட்டும் வேணாம்."

மறுநாள் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என்னா விசேஷம்?"

"சும்மாதான் அக்கா."

பொட்டலம் காலியான பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.